நங்கியும் தங்கச்சியும்

மலையக இலக்கியம் என்றவுடன் நம் திறனாய்வாளர் கண்முன் தோன்றுவன பனிமூட்டமும் தேயிலைச் சரிவுமே. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் படைத்த தேயிலைத் தோட்டக் கவிதையும், என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையும் அக்காட்சியை நிலைபெறச் செய்தன. அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சப்பிரகமுவவின் தாழ்ந்த குன்றுகளிலே, விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் புறப்படும் தாயின் பிள்ளை இவ்விலக்கியத்தில் எங்கே?

நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்து இன்னொரு தோட்டம். கேகாலையிலும் இரத்தினபுரியிலுமோ, லயத்தைத் தாண்டினால் சிங்களக் கிராமம். மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுப்பவனே வெசாக் கூடும் கட்டுகிறான். இவ்வாழ்வை எழுத வந்தனவாக நாம் படித்த கதைகள் பலவும் தமிழ் இளைஞன், சிங்களப் பெண், பெற்றோர் எதிர்ப்பு என்னும் பழந்தடத்திலேயே செல்கின்றன. இறுதியில் ஒருவர் மாண்டால் ஒற்றுமை மலர்ந்துவிடுமாம்!

காதலினும் கடினமானது பள்ளிக்கூடம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இப்பிள்ளையின் பாட்டனை நாடற்றவனாக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் உறவினரைக் கப்பலேற்றிற்று. 1981 வன்செயலில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு ஒரு தாய் மகனைச் சிங்களப் பள்ளியில் சேர்த்தால் அது மோகமா, பாதுகாப்பா? தமிழில் உயர்தர விஞ்ஞானம் கற்க எட்டிய தூரத்தில் பள்ளி இல்லாதபோது அவள் என்ன செய்வாள்? அமெரிக்காவில் நவாஹோச் சிறுவர்கள் தாய்மொழி பேசியதற்காக விடுதிப் பள்ளிகளில் தண்டிக்கப்பட்டனர். இங்கே பிரம்பு வேண்டியிருக்கவில்லை. வகுப்பறை இல்லாமையே போதுமாயிற்று.

தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தோட்டத்து மாணவி ஒருத்தி கட்டுரையில் அயற்கிராமத்துத் தோழியை 'நங்கி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துத் 'தங்கை' என்று திருத்தினோம். தாளைப் பார்த்தவள், "தங்கச்சி லயத்துல இருக்கா, சேர். இது நங்கி" என்றாள்.

நம் எழுத்தாளர்களும் கதைமாந்தர் பேச்சில் இதே திருத்தத்தைத்தான் செய்துவருகிறார்கள். 1960களில் மக்கள் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் பழித்தபோது எதிர்த்து நின்றது முற்போக்கு அணி. அவ்வணியின் வழிவந்தோரே இன்று இச்சிறுமியின் மொழியைக் கலப்படம் என்கின்றனர்.

நாளை அவள் தன் லயத்தின் கதையைச் சிங்களத்திலேயே எழுதக்கூடும். வேலுப்பிள்ளையின் ஆங்கிலத்தை மலையக இலக்கியமென ஏற்றுக்கொண்ட நாம், அவள் நூலை எந்த அலமாரியில் வைக்கப்போகிறோம்?