மருமகளின் முதுகு: ஒரு சட்டப் பிரதியை வாசித்தல்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தைக் கதைப் பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஆங்கில மூலம் பேசுவது ஏறக்குறைய ஜீவனாம்சத்தைப் பற்றி. தமிழில் அது 'பராமரிப்பு' ஆகிவிட்டது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவ கவனிப்பு, சிகிச்சை என்று சட்டம் அதற்கு விளக்கம் தருகிறது. எல்லாம் பெயர்ச்சொற்கள். சோத்தைப் பிசைந்து ஊட்டுவது, ராத்திரி மூணு மணிக்கு ஈரத்துணி மாத்துவது போன்ற வினைகளுக்கு எழுவாய் இல்லை. 'பிள்ளைகள்' என்பதற்குள் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. 2019இல் வந்து சட்டமாகாமல் போன திருத்த மசோதா அவளைச் சேர்த்தது, கடமைப்பட்டவளாக மட்டும்.

ஆனால் 24ஆம் பிரிவில் அவள் வந்துவிடுகிறாள். முதியவரைத் தன் பராமரிப்பில் வைத்திருக்கும் எவரும் அவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது பார்த்துக்கொள்கிறவள் பிரதிக்குள் நுழைவதே சந்தேகத்துக்குரியவளாகத்தான். நம் சினிமாவும் குடும்பக் கதைகளும் இதற்கு முன்னோடிகள். அங்கே மருமகள் கொடுமைக்காரி, இல்லாவிட்டால் தெய்வம். இடுப்புவலிக்காரியாக வருவது அபூர்வம்.

பக்கவாதத்தில் விழுந்தவரைப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடச் சொல்வார்கள். புரட்டுகிறவள் எப்போது தூங்குவாள்? 1995இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கி, அதே வயதொத்த வேறு 13 பெண்களோடு ஒப்பிட்டார்கள். பராமரித்தவர்களின் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் 'பாத்துப் பாத்தே உடம்பு போச்சு' என்று நம் வீடுகளில் சொல்வதை இனி வெறும் புலம்பலாக ஒதுக்க முடியாது.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாரைக் கவனிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாகக் கணக்கிட்டது. குழந்தைகளும் இதில் அடக்கம். கூப்பிட்டால் காதில் விழணுமே என்று அரைத்தூக்கத்தில் கிடப்பதை எந்த நிமிடத்தில் எழுதுவது?

முதியோர் இல்லங்கள் நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்று மேடையில் முழங்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கலாம். கூட்டம் முடியற வரைக்கும் உங்க அம்மாவை யார் பாத்துக்கிறாங்க? அவங்களுக்கு முதுகு எப்படி இருக்கு?