டிராக்டர்க்காரரின் கைப்பக்குவம்

மான்செஸ்டரின் பெல் வியூ ஏசஸ் போன்ற ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயக் கிளப்புகள் புது சீசனுக்குத் தயாராகும்போது பேச்செல்லாம் வீரர்களைப் பற்றித்தான். எனக்கென்னவோ தடத்தைப் பக்குவப்படுத்தும் ஆள் மேல்தான் கண். ஷேல் என்னும் பொடிக்கல் பரப்பிய தரை அது. தண்ணீர் கூடினால் பள்ளம் விழும். குறைந்தால் புழுதி கண்ணை மறைக்கும். புட்டுமாவுக்குத் தெளிப்பதுபோல அளவறிந்து தெளிக்க வேண்டும்.

பிரேக்கே இல்லாத வண்டி வளைவில் பக்கவாட்டில் சறுக்க, வீரரின் இடது பூட்ஸின் எஃகுத் தகடு தரையைச் சரசரவென்று உரசும். (என்ஜின் அலறலில் அது காதில் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.) பந்தயங்கள் போகப் போக மண் வெளிவிளிம்பில் ஒதுங்கிவிடும். டிராக்டர் வந்து, கூட்டம் எவ்வளவு பொறுமையிழந்தாலும், நிதானமாக அதை உள்ளே வாரி இழுத்துச் சமன் செய்யும். போட்டிக்குப் போனால் அந்த நேரம் பார்த்து டீ குடிக்க எழுந்துவிடாதீர்கள்.