ஒன்பது பாயிண்டில் நம் சாட்சியம்

தலித் எழுத்தின் மொழி, அழகியல், கலகம் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேசிவிட்டோம். அந்த எழுத்து அச்சாகி வருகிற பக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒன்பது பாயிண்டு எழுத்து. வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. பக்கத்தின் உள்ஓரத்துச் சொற்கள் பைண்டிங்குக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. விமர்சகர்கள் இதையெல்லாம் 'அச்சுக் குறைகளைத் தவிர்த்திருக்கலாம்' என்று கடைசி வரியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நான் அதை முதல் வரிக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பக்கத்தை அமைக்கிறவன், இதை யார் படிக்கலாம், யார் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்கிறான்.

எம்.ஏ. தமிழில் பதிப்பு வரலாறு படித்தோம். ஏடு தேடி அலைந்த கதை, பாடபேதம், 1887 சீவக சிந்தாமணிப் பதிப்பு, எல்லாம் பரீட்சைக்கு எழுதினோம். அந்தப் புத்தகம் என்ன விலை, யார் கைக்குப் போனது என்று ஒரு வாத்தியாரும் கேட்டதில்லை. புலவர் வீட்டுக்குத்தானே போகும், கேட்க என்ன இருக்கு! அயோத்திதாசருக்கு அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்தார்.

சொந்தமாகப் புத்தகம் போடுவது, பதிப்பகம் கிடைக்காதவன் செய்கிற வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் 1936ஐ நினைத்துப் பார்க்கட்டும். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் படித்து மிரண்டுபோய், சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. 'சாதியை அழித்தொழித்தல்' இப்படித்தான் புத்தகமாயிற்று. நமக்குச் சொந்த வெளியீடு என்பது கதியற்ற நிலை அல்ல, நம்முடைய மரபு.

ஆனால் அந்த மரபின் பெயரால் எதையாவது அடித்துக் கையில் திணித்துவிட முடியாது. எங்க சின்னம்மா 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டைப் பக்கம், அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். பெரிய எழுத்து முதல்நூலில் தொடங்கி இன்றைக்குப் பஸ் போர்டு, போஸ்டர், தினசரித் தலைப்பு எல்லாம் படிப்பார். நண்பர்கள் கொண்டுவந்த ஒரு சாட்சியத் தொகுப்பைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் அரைப் பக்கத்தில் மூடிவிட்டார். "படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேம்ப்பா. அடுத்த வரி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல." அந்தத் தொகுப்பில் இருப்பது அவரைப் போன்ற பெண்களின் வாழ்க்கை. அவர்களைப் பற்றிய புத்தகம் அவர்களுக்கே கதவைச் சாத்துகிறது. இதை எந்த அழகியலில் சேர்ப்பது?

சின்னம்மா சொன்னதில் தொழில்நுட்பமும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போடுகிற கணக்கைத் தமிழுக்கு அப்படியே போடுகிறார்கள். தமிழில் இகர ஈகாரச் சுழி மேலே ஏறும், உகர ஊகார எழுத்துகள் பல கீழே இறங்கும். மேல்வரி 'சூ'வின் அடியும் கீழ்வரி 'தீ'யின் சுழியும் முட்டிக்கொண்டால் கண் வழுக்கும். 12 பாயிண்டு எழுத்துக்கு 16 பாயிண்டு வரி வேண்டும் என்பது என் கட்சி. அதையும் எண்ணை நம்பி வைக்கக்கூடாது. ஒரே 12இல் ஓர் எழுத்துரு கொழுத்துத் தெரியும், இன்னொன்று சூம்பிக் கிடக்கும். ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்து, கண்ணாடி போட்ட ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கணும். அப்புறம் இரண்டு ஓரமும் நறுக்கினாற்போல் நிற்க வேண்டும் என்கிற பிடிவாதம். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல் அரைவரியை அடைக்கிற மொழியில், மிச்சச் சொற்களை இழுத்து நீட்டினால் வரி நடுவே பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். டி.டி.பி. செய்கிறவர் "புஸ்தகம் மாதிரி இல்லியே சார்" என்பார். சொல்லட்டும்.

காசு? கேட்க வேண்டிய கேள்விதான். டெமி அளவில் ஒரு பாரத்துக்கு 16 பக்கம். என் கட்டுரைத் தொகுப்பு 10 பாயிண்டில் 160 பக்கம் வந்தது, 12 பாயிண்டில் 192. இரண்டு பாரம் கூடுதல். அட்டையை ஒற்றை வண்ணத்தில் போட்டு, லேமினேஷனை விட்டு, மீதிக்குத் தோழர்களிடம் முன்பணம் வாங்கினேன். அட்டையில் நாலு வண்ணத்தில் பறையும் முஷ்டியும் வெடிப்பு விழுந்த காலும் போட்டுவிட்டு, உள்ளே எழுத்தைப் பட்டினி போடுகிற புத்தகங்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்த அட்டை நம்மை வேடிக்கை பார்க்கிறவனுக்கு. உள்பக்கம்தான் நமக்கு.

இன்னொன்று மெய்ப்பு. என் கதையில் ஒரு கிழவி 'வவுத்துக்கு' என்பாள். அதை வெளியிட்ட ஒரு பதிப்பகத்தில் 'வயிற்றுக்கு' என்று திருத்தினார்கள். சண்டை போட்ட பிறகு 'வவுத்துக்கு' திரும்பி வந்தது, ஆனால் ஒற்றை மேற்கோளுக்குள். ஊர் நடுவே சேரிக்கு வேலி போட்ட மாதிரி! பாமாவின் 'கருக்கு' 1992இல் பேச்சுமொழியிலேயே வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் நம் வாய்ச்சொல்லுக்குக் காவல் போடுகிறார்கள். சொந்த வெளியீட்டில் இந்தக் காவலைத் தூக்கி எறியலாம். ஆனால் எழுத்துப் பிழைக்கும் பேச்சுமொழிக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். கவனக்குறைவைக் கலகம் என்று விற்கக்கூடாது. போகிறபோக்கில் ஒன்று: ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், மத்திய அரசின் முகமைதான் கொடுக்கிறது. அதற்குக் காசு கேட்கிற தரகனிடம் ஏமாற வேண்டாம்.

மின்னூல் என்றாலே நம்மாட்கள் அச்சுக்குப் போன பி.டி.எஃப். கோப்பை வாட்சப்பில் தள்ளிவிடுகிறார்கள். டெமிப் பக்கத்தைப் போன் திரையில் அடைத்தால் என்ன தெரியும்? பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே ஓடும். இழுத்து இழுத்துப் படிக்கிற பொறுமை ஆய்வு மாணவனுக்கே கிடையாது. ஈபப் வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாகத் திரைக்குள் மடங்கும். எழுத்து யூனிகோடில் இருந்தால் போனே வாசித்தும் காட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் ஒரே கோப்பு.

யூனிகோடு என்றதும் ஒரு கவலை வருகிறது. 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த நம் சிற்றிதழ்கள், சாட்சியங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் பல, பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது வேறு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. தேடினாலும் அகப்படாது. மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றும்போது கொம்பு இடம் பெயரும், ஔகாரம் குழம்பும், ஆகவே ஒவ்வொரு பக்கமும் ஆள் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். பல டி.டி.பி. கடைகள் மூடிவிட்டன. சி.டி.க்களைப் போட்டுப் பார்க்கக் கணினியில் இடமே இல்லை. பரணில், இரும்புப் பெட்டியில், கட்சி அலுவலக அலமாரியில் அப்படிச் சி.டி. வைத்திருக்கும் தோழர்கள் இந்த வருஷமே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். தட்டச்சும் மெய்ப்பும் தெரிந்த மாணவர்கள் ஊருக்கு இரண்டு பேர் கிடைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.