கெடாவின் வெள்ளிக்கிழமை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். அங்கே வெள்ளி வேலை நாள். ஜும்மா தொழுகையை ஒட்டிய இந்த ஏற்பாடு கெடாத் தமிழர் வீடுகளுக்கும் வாகாகப் பொருந்திவிட்டது. விளக்கு, சாம்பிராணி, சைவச் சாப்பாடு என்று வெள்ளிக்கிழமைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சட்டதிட்டம் உண்டு. எண்ணெய் முழுக்குக்குப் பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்பது பழைய வழக்கம். இரண்டுமே இங்கே விடுமுறையில் விழுகின்றன. பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா வேலை விட்டு ஓடிவந்து ஏற்றும் விளக்கை, கெடாவின் சுங்கை பட்டாணியில் இருக்கும் தங்கை ஆற அமர ஏற்றுகிறாள்.

நல்ல வெள்ளிக்கிழமை ஒன்றின் நேர்த்தியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு வாசலில் காய்கிறது. திரி திரிப்பது வீட்டின் கடைக்குட்டி வேலை. எவ்வளவு அவசரமானாலும் பெரியவர்கள் அதில் கைவைப்பதில்லை. ஈரக் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது பாட்டியின் உரிமை. அப்பளம் பொரிப்பது அப்பா. விலை உயர்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. அழகெல்லாம் வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று, வாராவாரம் மாறாது. தான் திரி போடாமல் விளக்கு எரியாது என்ற நினைப்பு ஆறு வயதுப் பிள்ளையை அந்த நாளுக்குச் சொந்தக்காரனாக்கிவிடுகிறது.

இந்தக் கைப்பக்குவம் ரப்பர்த் தோட்டத்தில் பழகியது. ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அப்பாவும் அம்மாவும் நிரைக்குப் போய்விட, கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குப் போகும். காலைப்பொழுது முழுக்க நிர்வாகத்துடையது. மிஞ்சியதைக் கொண்டுதான் அம்மாக்கள் குடும்பத்துக்கு நாள் செய்தார்கள். மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் அதைப் பிடிக்கும் மங்குக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைய கூலி போயிற்றே என்ற கவலைக்கு நடுவிலும் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகும். துருவிய தேங்காய், சீனி, பக்கத்தில் கோப்பி ஓ. கூலி போன நாளை எல்லாரும் வீட்டில் இருந்த நாளாக்கிய சாமர்த்தியம், என் ரசனையில், எந்தப் பண்டிகை விருந்துக்கும் குறைந்ததில்லை.

குடும்பத்துக்கு நாள் செய்யும் இந்தக் கலைக்குத் தீபாவளிதான் பெரிய மேடை. அதன் உச்சம் முதல் நாள் மாலை என்பேன். மறைந்தவர்களுக்குப் படையல் போடும் நேரம் அது. தாத்தாவுக்குப் பிடித்த கறிக்குழம்பு, கருவாடு, சில வீடுகளில் அவர் விரும்பிய ஸ்டவுட் போத்தலும் சுருட்டும் வாழையிலைக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்தறியாத பூட்டனின் நாக்கு ருசியைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது இந்த இலைக்கு முன்னால்தான்.

அதற்கு முந்திய வாரங்களில் அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேறியிருக்க வேண்டும். மாவில் முக்கும்போது மேல் விளிம்பு மூழ்கக் கூடாது. மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. அந்த நூலளவு இடைவெளியை எழுதிக் கொடுக்க முடியாது, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். மலாய்க்கார, சீன அண்டை வீடுகளுக்குப் போகும் தட்டில் முதலில் ஏறுவதும் இதுதான். நோன்புப் பெருநாளுக்கு மலாய் வீடுகளிலிருந்து குவே பலகாரம் வந்து சேரும்.

பொங்கலுக்குப் பொது விடுமுறை இல்லை. வேலைக்குக் கிளம்புமுன் பால் பொங்கியாக வேண்டும். தரை வீடுகளில் காரை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோலம் போட்டு அடுப்பு மூட்டுகிறார்கள். சீருடை போட்ட பிள்ளை “பொங்கலோ பொங்கல்” என்று கூவிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறது. அரை மணி நேரம்தான். ஆனால் அந்தச் சாதாரண வேலை நாளின் நிறமே மாறிவிடுகிறது.

எல்லாமே சாமி சம்பந்தப்பட்டதாக இருக்கவும் வேண்டியதில்லை. அலோர் ஸ்டார் பக்கத்துக் குடும்பத்துக்குச் சனிக்கிழமை மாலை கோலா கெடா போதும். ஆறு கடலில் சேரும் இடம், பழைய கோட்டை, லங்காவிக்குப் போகும் படகுகள். அங்கே ஆளுக்கு ஒரு கிண்ணம் மீன் லக்சா. முந்திய நாள் சைவத்துக்கு வட்டியோடு ஈடு. புரட்டாசியில் மட்டும் லக்சாவுக்கு விடுப்பு.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. திடலில் திரை கட்டி ஊரே சேர்ந்து பார்த்த படம் போன்றவை அங்கேயே நின்றுபோயின. ஒரு வீட்டுக் கைகளே போதும் என்றிருந்த வழக்கங்கள் சாமான்களோடு லாரியில் ஏறி வந்துவிட்டன. இவற்றின் தரத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், உடம்பு சோர்ந்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாகத் தொடங்கட்டும். முறுக்கைக் கடையில் டப்பாவாக வாங்குவதுகூடக் குற்றமில்லை. அதைத் தட்டில் அடுக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையையாவது பிள்ளைக்கு விட்டுவைக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை வைக்காத வழக்கம், எத்தனை ஆடம்பரமாக இருந்தாலும், அடுத்த தலைமுறைக்குப் போகாது.