மண், சுதை, கல், மரம்: பெரம்பலூர் – அரியலூர் உருவக் கலை மரபுகள்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் முற்றத்தில் படுத்திருக்கும் நந்தி, தஞ்சைப் பெரிய கோயில் நந்தியைப் போல ஒரே கல்லில் உருவானதல்ல. செங்கல்லை அடுக்கிச் சுதை பூசி எழுப்பியது. அதைத் தாண்டி வடக்கு வாயிலருகே போனால் சண்டேச அனுக்கிரக மூர்த்தி: பார்வதியோடு அமர்ந்த சிவன் அடியவர் தலையில் பூமாலை சுற்றும் காட்சி, கருங்கல்லில். நந்தி சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. சண்டேசர் செதுக்கச் செதுக்க வெளிவந்தவர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உருவக் கலை முழுவதும் இந்த இரண்டு வழிகளில் அடங்கும்.

சேர்க்கும் வழியின் வேர் குயவர் வீட்டில். களிமண்ணை மணலோடு கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்துவது முதல் பாடம். சக்கரத்தில் எழும் பானைக்கு அப்போது அடி இராது. நூலால் அறுத்தெடுத்து, பாதி காய்ந்ததும் உள்ளே உருண்டைக் கல்லைத் தாங்கு கொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். அய்யனார் குதிரைக்கும் சக்கரமே தொடக்கம்: கால்களைக் குழல்களாக வனைந்து, உடம்பை மண் திரிகளால் கையாலேயே வளர்ப்பார்கள். உள்ளே கூடாக விட்டு, ஆவி போக ஓட்டையும் வைக்க வேண்டும். தவறினால் சூளையில் வெடித்துவிடும். வெந்த பாண்டத்தைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை, விரிசலையோ வேக்காட்டுக் குறையையோ காட்டிக்கொடுக்கும்.

சுதைக்குச் சுண்ணாம்பே உயிர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய முறை. ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது.

கழிக்கும் வழியில், கற்சிற்பியின் தேர்வும் காதில்தான் தொடங்குகிறது. தட்டினால் கண்டாமணி போல் ஒலிப்பது ஆண் கல், தாளம் போல் மென்மையாக ஒலிப்பது பெண் கல், ஓசை எழாதது அலிக்கல் என்பது சிற்ப மரபு. பிறகு செங்காவிக் கோடுகள். நடுவே இறங்குவது பிரம்மசூத்திரம். நாற்புறமும் முழுமை பெற்ற உருவம் சித்திரம், சுவரோடு ஒட்டிப் புடைத்து நிற்பது அர்த்தசித்திரம். மேலப்பழுவூர் அருகே பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயிலில் சிறு மாடங்களுக்கு அளவாக நிற்கும் முற்சோழர் பாணி, கங்கைகொண்ட சோழபுரத்து ராஜேந்திரன் கோயிலில் மாபெரும் சுவருக்கு ஈடுகொடுத்து விரிகிறது.

அரும்பாவூரில் உளி மரத்துக்கு மாறுகிறது. வாகை, மா, வேம்பு போன்ற மரத்துண்டுகளிலிருந்து இங்கே தெய்வ உருவங்கள் பிறக்கின்றன. மரத்தின் ரேகை ஓடும் திசையறிந்து உளி போகவேண்டும். எதிர்த்தால் மூக்கோ விரலோ பெயர்ந்துவிடும். கூடுதலாக வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், கழிக்கும் வழியில் நிதானமே தகுதி.

பொருள் மாறினாலும் அளவுகோல் தாலமே. ஒரு தாலம் 12 அங்குலம். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு 124 அங்குல உத்தம தசதாலம். உமை, திருமகள் முதலியோருக்கு 120 அங்குல மத்திம தசதாலம். இது உருவத்தையே பகுத்துப் பெறும் அங்குலம். ஆகவே விரலளவுச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் பொருந்தும். நிற்கும் நிலைகளுக்கும் பெயருண்டு: நேரே நிற்றல் சமபங்கம், சற்றே சாய்தல் அபங்கம், மூன்றிடத்தில் வளைதல் திரிபங்கம்.

கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கல், சுதை, மரம், உலோகச் சிற்பங்களுக்கு மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. குயவரின் கைமுறையோ இன்னும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. மண்ணும் மணலும் சேரும் விகிதம், திரி அடுக்கும் விதம், சூளை வைக்கும் வரிசை ஆகியவற்றை மூத்த கைவினைஞர்களிடம் அவர்கள் சொற்களிலேயே கேட்டுப் பதிவு செய்யும் பணியை இவ்விரு மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் ஏற்கலாம்.