சிரக்கம்பமும் இயந்திரமும்

மனிதனோடு கூடி அமர்ந்து மனோதர்ம சங்கீதம் செய்யும் இயந்திரங்கள் தோன்றிவிட்டனவென்றும், இனிப் பக்கவாத்தியத்துக்கு ஆள் தேட வேண்டுவதில்லையென்றும் நம் இசையன்பர் சிலர் வாதிக்கக் கேட்கும்போது, தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரிமீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றிய திருவொற்றியூருக்கு அண்டையிலே, மணலியிலே வாழும் எனக்கு அதை ஆராயாது விட மனம் வரவில்லை.

இயந்திரத்தின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஜார்ஜ் லூயிஸ் 1980களில் அமைத்த 'வாயேஜர்' என்னும் கணினி நிரல் எவரும் வாசிக்காதபோதும் தானே இசைக்கும்; பிரான்ஸ்வா பாஷேயின் 'கன்டினுவேட்டர்' என்னும் நிரல் ஒருவர் வாசித்த பிரயோகங்களைக் கற்று, அவர் நிறுத்தியதும் அதே பாணியில் விடை கூறும்; ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஷிமோன்' என்னும் ரோபோ நான்கு கரங்களால் மரிம்பா வாசிப்பதோடு லயத்துக்கிசையத் தலையையும் அசைக்கும்.

அந்தத் தலையசைப்பே என் நெடுநாள் ஆட்சேபத்துக்கு இலக்கு. கற்பனை ஸ்வரத்தைக் கேட்டு வயலின் வித்வான் செய்யும் சிரக்கம்பம் தாளத்தை எண்ணுவதன்று, ஒரு தீர்ப்பு. அவர் அதை வழங்காமலும் இருக்கக்கூடும் என்பதனாலேயே அதற்கு மதிப்பு. பாடகர் அறியாது எடுப்பைத் தவறவிட்டால் சபைக்குத் தெரியாமல் சரிக்கட்டும் மிருதங்க வித்வானே, வீம்புக்குச் செய்தாரென்று கண்டால் விட்டுக்கொடுக்காமல், அடுத்த ஆவர்த்தத்தில் கடுமையான கணக்கொன்றை வைத்து நிற்பார். இயந்திரமோ பிழையையும் அற்புதத்தையும் ஒன்றுபோலவே ஏற்று, இரண்டுக்கும் தயக்கமின்றி விடையளிக்கிறது. வாயேஜர் இணங்காமலும் வாசிக்குமே என்பார்கள். விதிகளும் தற்செயலாய் எழும் எண்களும் அதை அவ்வாறு செலுத்துகின்றனவேயன்றி, கேட்டது பிடிக்காமற்போன மனம் ஒன்று அங்கே இல்லை. சினமும் மகிழ்வும் அறியாத ஒன்றைச் சக வித்வான் என்பது சங்கீதத்துக்கே இழைக்கும் அநீதி.

இவ்வட்டாரக் கோயில்கள் சிலவற்றில் தீபாராதனை வேளையில் மின்விசையால் முழங்கும் மணியும் மேளமும் தவிற்காரர் நின்ற இடத்தைப் பிடித்தபோதும், காலந்தவறாது, கூலி கேளாது என்ற நியாயங்களே சொல்லப்பட்டன. நாகசுரக்காரர் ராகத்தை விரிக்கையில் அருகிருந்து கேட்டவர் போனதை யாரும் கணக்கிற் சேர்க்கவில்லை. இப்போது அதே கணக்கைச் சாதக அறைக்கும் கொண்டுவருகிறார்கள். ஒருபோதும் முகஞ்சுளிக்காத துணையோடு பல ஆண்டுகள் பாடிப் பழகும் இளைஞன் தன் குறையைத் தன் பாணியென்றே நம்பி மேடையேறுவான். அது குறையென்று முதன்முதலில் அவனுக்கு உணர்த்துபவர் சபையில் அமர்ந்திருக்கும் ரசிகராகவே இருப்பார், அப்போது கச்சேரி பாதி நடந்திருக்கும்.