தகப்பன் தொழிலும் பிள்ளையின் கல்வியும்

கல்வி எதற்காக என்று கேட்டால், அறிவு வளர்வதற்காக என்று நம்மில் எவரும் தயங்காமல் விடை கூறிவிடுவோம். ஆனால் யாருடைய அறிவு, எந்த மட்டுக்கும் வளர்வதற்காக என்ற அடுத்த கேள்விக்கு இந்நாட்டுச் சர்க்காரே ஒரு காலத்தில் எழுத்து மூலம் விடை கூறியிருக்கிறது. அவ்விடையையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

1920ம் வருஷத்து ஐக்கிய மலாய் நாடுகளின் ஆண்டறிக்கையில், பிரதம காரியதரிசியாயிருந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல் துரை கல்வியின் நோக்கத்தை விளக்குகிறார். சிலரை மாத்திரம் பெரும் படிப்பாளிகளாக்குவது சர்க்காரின் நோக்கமல்லவாம். மீன்பிடிப்பவன் மகனையும் குடியானவன் மகனையும் அவனவன் தகப்பனைவிடப் புத்திசாலியான மீன்பிடிப்பவனாகவும் குடியானவனாகவும் ஆக்குவதும், சுற்றியுள்ள உலக ஏற்பாட்டில் தன் நிலை எங்கே பொருந்துகிறது என்பதை அவனுக்கு விளங்கச் செய்வதுமே நோக்கமாம்.

மேலெழுந்தவாரியாகப் படிப்பவர்க்கு இது நல்லெண்ணமாகவே தோன்றும். ஏழை மக்களைத் தூக்கிவிட வேண்டுமென்ற கருணைகூட இதில் இருப்பதுபோல் காணும். ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள். பிள்ளையின் புத்தி எவ்வளவு என்பது அளக்கப்படவில்லை; தகப்பன் நின்ற இடமே அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் அவ்விடத்திலேயே வளர வேண்டும். பிற்பாதியோ இன்னும் மோசம். தன் நிலையைத் தெரிந்துகொள்வதற்குக் கல்வி வேண்டுமாம். அந்நிலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு வேண்டாமாம்!

இது மாக்ஸ்வெல் துரை ஒருவரின் சொந்தச் சரக்கன்று. 1889 முதல் 1895 வரை நம் பேராக்கில் ரெசிடெண்டாயிருந்த சுவெட்டன்ஹாம் துரையும், குடியானவர் பிள்ளைகளுக்கு அரைகுறை ஆங்கிலம் கற்பித்தால் அவர்கள் உடலுழைப்பை வெறுத்து அதிருப்தியடைவார்கள் என்று எச்சரித்தவரே. இந்தியாவில் படித்தவர்கள் கிளப்பிய கிளர்ச்சி அவர்கள் கண்முன் இருந்தது. அச்சத்திலிருந்து பிறந்த தத்துவத்துக்குக் கருணை என்று பெயர் சூட்டுவது புதிதல்ல.

இதன் பூர்வீகத்தைத் தேடினால் கிரேக்க தேசத்துப் பிளேட்டோ வரைக்கும் போகலாம். மக்களைப் பொன், வெள்ளி, இரும்பு என்று பிரித்துவைத்தவர் அவர். ஆயினும் அவருக்கு நீதி செய்ய வேண்டும். இரும்புத் தகப்பனுக்குப் பொன் பிள்ளை பிறக்கலாம், பிறந்தால் அதை மேலே உயர்த்த வேண்டும் என்று அவரே விதி செய்திருக்கிறார். அத்தனை தாராளம்கூட மலாய் நாட்டு அதிகாரிகளிடம் இல்லை. அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜான் டூயி 1916ல் வெளியிட்ட ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்ற நூலில், பிளேட்டோவின் இந்த வகுப்புப் பிரிவையே குற்றங்கூறி, குறுகிய தொழிற்கல்வி சமூக வேற்றுமையை நிலைக்கச் செய்யுமென்று எழுதினார். அதே 1916ல்தான் இங்கிருந்து வின்ஸ்டெட் துரை ஜாவாவுக்கும் பிலிப்பைன் தீவுகளுக்கும் தாய்மொழிப் பள்ளிகளைப் பார்வையிடச் சென்றார். திரும்பி வந்து அவர் சிபார்சு செய்தவற்றில் கூடை முடைதலும் தோட்ட வேலையும் முக்கிய இடம் பெற்றன.

பலனை நம் பேராக்கிலேயே காணலாம். ராஜ வம்சத்துப் பிள்ளைகளுக்குக் கோல கங்சாரில் 1905ல் ஆங்கிலக் கல்லூரி. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் உபாத்தியாயர்களைத் தயாரிக்க தஞ்சோங் மாலிமில் 1922ல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. வேடிக்கை என்னவென்றால், கூடை முடையக் கற்பித்த அக்கல்லூரியில் படித்த இப்ராஹிம் யாக்கோப் என்பவரே 1938ல் மலாய் இளைஞர் சங்கத்தைத் தோற்றுவித்து, வெள்ளையராட்சியை எதிர்த்துக் கிளம்பினார். எழுத்தறிவைக் கொடுத்தபின் அதற்கு வேலி கட்டுவது எவராலும் ஆகாத காரியம்.

நிற்க, நம் தமிழர் விஷயம் யாது? நம்மவர்க்கு இப்படியொரு தத்துவம்கூட மிச்சம் வைக்கப்படவில்லை. 1912ம் வருஷத்துத் தொழிற்சட்டமும், பின்னர் 1923ம் வருஷத்துச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் போட்டன. முதலாளிக்கு வேண்டியது பால்மரம் வெட்ட ஆள். ஆகவே ஒரு கொட்டகை, சென்னையிலிருந்து வந்த பாடப்புத்தகம், உபாத்தியாயர் ஸ்தானத்தில் பெரும்பாலும் ஒரு கங்காணி அல்லது கிராணி. காலையில் கணக்கெழுதிவிட்டுப் பிற்பாடு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த அந்தக் கிராணி நம் உத்தியோகத்து முன்னோர். அவரைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை.

சரித்திரம் இப்படியிருப்பதால் தமிழ்ப் பள்ளிகளே வேண்டாம் என்று வாதிப்போர் உண்டு. அது தவறு. ஆங்கில வழியில் படித்த நாமே இதைச் சொல்லுகிறோம். குற்றம் தாய்மொழியில் இல்லை. தாய்மொழிப் படிப்புக்குமேல் ஏணியை வைக்காமல் விட்டதில் இருந்தது. கைத்தொழிலிலும் குற்றமில்லை. 1937ல் காந்தியார் வகுத்த வார்தா திட்டம் கைத்தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்தது. 1953ல் சென்னையில் ராஜகோபாலாச்சாரியார் கொணர்ந்த திட்டமோ பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றது. அதைக் குலக்கல்வி என்று கண்டித்துப் பெரியார் கிளர்ச்சி செய்தார். 1954ல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராஜர் திட்டத்தை ரத்து செய்தார். மாக்ஸ்வெல் துரையின் வாக்கியத்தையும் அத்திட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேசிய பாஷை வேறு, பேசிய விஷயம் ஒன்று என்பது விளங்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று நாமும் இருந்தோம். நம் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாயிற்று. சென்ற வருஷம் டிராக்டர் ஓட்டும் தொழிலாளி ஒருவர் மகளுடன் காரியாலயத்துக்கு வந்தார். ஐந்தாம் படிவம் தேறிய பெண். ஆறாம் படிவத்துக்கு அனுப்புவதா, தோட்டத்திலேயே பயிற்சி வேலையில் சேர்ப்பதா என்று கேட்டார். “வேலை கையிலிருக்கிறது, படிப்பு எங்கே ஓடிவிடும்?” என்று நாம் சொன்னோம். அவரும் தலையசைத்துப் போனார். இரவில்தான் உறைத்தது. நம் பிள்ளையாயிருந்தால் இவ்விடையைச் சொல்லியிருப்போமா?

மறுநாள் பெரட்டு முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய், நேற்றுச் சொன்னது தவறு என்றோம். “வேலை மனுவில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனுங்களே ஐயா” என்றார். மனுவைத் திரும்பப் பெறுவதற்கு மலாயில் ஒரு கடிதம் அங்கேயே எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்து, நாம் செய்திருந்த பிழையொன்றைத் திருத்திவிட்டுத் தகப்பனிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.